தீட்டுக்குள் இருந்தவள்

ஆகஸ்ட் 28, புதன்

பால் எடுக்கும் நேரமும் அளவும் எழுதி வைக்கச் சொல்லி ஜாஸ்பின் சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். ஏழு வருஷமாகக் கிளைத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தேதியைப் போட்டுவிட்டால் கை தானாக மேலே எழுதிக்கொண்டு போகிறது.

காலை 6 மணி – 5 மில்லி. 9 மணி – 8. 12 மணி – 8.

மகன் பிறந்து இன்று ஐந்தாம் நாள். இருபத்தெட்டு வாரம்தான் வயிற்றில் இருந்தான். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்துவிட்டதால் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து அவசரமாக ஆபரேசன் செய்து எடுத்தார்கள். மூன்று நாள் எனக்கு நினைவில்லை. நேற்றுத்தான் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். தொடை என் சுண்டுவிரல் அளவுதான். பிறந்தபோது 980 கிராம். இன்று 910. முதல் வாரம் குறையத்தான் செய்யும் என்கிறார் டாக்டர்.

காலில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். ‘செண்பகவல்லி – குழந்தை 2’. அந்த 2-ஐ எடுத்துவிடச் சொன்னேன். கோப்பில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றக் கூடாது என்றார் சிஸ்டர். சரி என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாமியார் போனில் பேசினார்கள். இடுப்பு வலியால் அவர்களால் இங்கே வர முடியவில்லை. நாற்பது நாள் தீட்டு, விபூதி பூசாதே, தலையணைக்கடியில் சாமி படம் எதுவும் வைத்திருக்காதே, கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே என்றார்கள். உனக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

தலையணைக்கடியில் முருகன் படம் இருந்தது. வார்டு ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். சாப்பாடு வாங்கப் போகும்போது அவர் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

ஆகஸ்ட் 31, சனி

6 மணி – 30 மில்லி. 9 மணி – 35. மகனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மில்லி, மூக்கு வழியாகப் போட்ட குழாயில். மீதியை வாஷ்பேசினில் ஊற்றினேன். தாய்மார் அறையில் மற்றவர்கள் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள். எனக்கு மட்டும் இவ்வளவு ஊறுகிறது. சிஸ்டர் என் கிண்ணத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இவர் வந்தார். மில்லில் எலக்ட்ரீசியன் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் விட்டு வர முடியும். இரண்டு நைட்டி, பிளாஸ்க், பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, “வல்லி, அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னா…” என்று ஆரம்பித்தார். பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வரச் சொன்னேன். அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே போய்விட்டேன்.

தாடி வளர்த்திருக்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

மகன் மூச்சு விட மறந்துபோகிறான். குறைமாதத்துப் பிள்ளைகள் அப்படித்தானாம், சின்ன மூளைக்கு ஞாபகம் இருக்காதாம். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார். உடனே மறுபடியும் நெஞ்சு ஏறி இறங்கும். இன்று ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

கும்பிடக்கூடாது என்றார்கள். நேர்ந்துகொள்ளக்கூடாது என்று சொல்லவில்லையே. முருகனுக்கு என் தலைமுடி. மாரியம்மனுக்குப் பூக்குழி. ஐயப்பனுக்கு இவர் மாலை போடுவார். எதிர்த்த ரோட்டில் மாதா கோயில் இருக்கிறது, அங்கே மெழுகுவர்த்தி. எதை யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே குழம்பிவிட்டது.

செப்டம்பர் 7, சனி

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். சபுரா, கடையநல்லூர், இருபது வயது. புருஷன் சார்ஜாவில். அவளுடைய உம்மா துணைக்கு வந்திருக்கிறார். பெண் குழந்தை, 1,100 கிராம், என் மகனுக்கு அடுத்த பெட்டி. சபுராவுக்குப் பாலே வரவில்லை. பிதுக்கிப் பிதுக்கி அழுகிறாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். என் மகன் பெட்டிக்குப் பக்கத்தில் பெண் குழந்தையை எதற்குக் கொண்டுவந்து வைத்தார்கள்? வேறு இடமா இல்லை?

செப்டம்பர் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

ஜாஸ்பின் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சபுரா குழந்தைக்குத் தாய்ப்பால் அவசியம் வேண்டுமாம். பால் வங்கியில் வாங்கி, யாருடைய பால் என்று தெரியாமல் கொடுக்க அவர்கள் வீட்டில் சம்மதிக்கவில்லை. ஒருத்தி பாலைக் குடித்தால் அந்தப் பிள்ளைக்கு அவளும் தாய், அவள் பிள்ளைகள் எல்லாம் உடன்பிறப்பு, பின்னால் கல்யாணம் காட்சி என்று வரும்போது அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. உன் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, டாக்டரும் சம்மதித்துவிட்டார், நீ கொட்டுகிற பாலைத்தானே கேட்கிறேன் என்றார்.

“தர முடியாது சிஸ்டர். அது எம்மகளுக்குள்ளது.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். நான் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பிறந்தது இரண்டு. முதலில் மகள், இரண்டு நிமிஷம் கழித்து மகன். மகள் முப்பத்தொரு மணி நேரம் இருந்தாள். நான் வலிப்பு மருந்தில் கிடந்தேன். எனக்கு நினைவு திரும்பும்போது அவளை இவர் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து நின்றார். நான் அவளைப் பார்க்கவில்லை. கறுப்பா சிவப்பா, எதுவும் தெரியாது. என் உடம்புக்கு மட்டும் அவள் போனது தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஊறிக்கொண்டிருக்கிறது.

எடுத்த பால் இன்றைக்கு மொத்தம் 310 மில்லி. மகன் குடித்தது 36. மீதியைக் கொட்டினேன்.

செப்டம்பர் 11, புதன்

மகனுக்கு வயிறு வீங்கிவிட்டது. காலையில் குழாயில் பச்சையாக வந்தது, பிறகு மலத்தில் ரத்தம். குடலில் கிருமி என்றார் டாக்டர். பாலை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே, ரத்தம், கையில் இடமில்லாமல் தலையில் ஊசி.

எனக்குக் காரணம் தெரியும். ஒரு பச்சைப் பிள்ளைக்கு இல்லையென்று சொன்னேன், கொட்டினேன். அதற்குத்தான்.

ஓடிப்போய் சபுராவின் காலடியில் உட்கார்ந்து, என் பாலை எடுத்துக்கொள் என்றேன். அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். அவளுடைய உம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்து, “எதையாவது பறிகொடுத்துருவோம்னு பயந்துக்கிட்டுக் குடுக்க வேண்டாம் தாயி. மனசுக்குப் பிடிச்சாக் குடுங்க,” என்றார். இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன். மூன்று மணிக்கு 60 மில்லி எடுத்துக் கொடுத்தேன். சபுராவின் குழந்தைக்குப் பாலாடையில் இல்லை, குழாயில்தான் கொடுத்தார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு மகனைப் போய்ப் பார்த்தேன். கொடுத்துவிட்டேனே, வயிறு வடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இன்னும் வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் செயற்கை சுவாசம் வைத்துவிட்டார்கள். குடல் ஓட்டையாகிவிட்டால் ஆபரேசன் செய்ய வேண்டும், இந்த எடையில் தாங்குவது கஷ்டம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். போன் செய்தேன். பஸ் ஏறிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். தாய்மார்கள் துணி காயப்போடுகிற இடம். நண்பகல் வெயில். ஏதாவது நேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தால் என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. முடியைக் கொடுத்தாயிற்று, காலைக் கொடுத்தாயிற்று, பாலையும் கொடுத்தாயிற்று. யாரும் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. இந்த நாற்பது நாளும் எனக்குக் கதவை அடைத்துவிட்டு எல்லாச் சாமியும் அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்தப் பக்கம் நானும் அவனும்தான். கைப்பிடிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

சபுரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வாய்க்குள் ஏதோ முனகினாள். அவளும் பிள்ளை பெற்ற தீட்டில்தான் இருக்கிறாள். நாற்பது நாள் தொழக்கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் கேட்டேன், உங்களில் இது மட்டும் ஆகுமா என்று.

“தொழுகதாங்க்கா கூடாது. துஆ கேக்குறதுக்குத் தடை இல்ல,” என்றாள். எழுந்துகொண்டே, “கேக்குறத யாரு தடுக்க முடியும்?” என்றாள்.

அவள் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். அப்போது எங்கள் ஊர்ப் பேச்சியம்மன் நினைவு வந்தது. எதனால் என்று தெரியாது. சின்ன வயதில் அவளைப் பார்த்தால் பயந்து அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்வேன். கூரை கிடையாது, கதவு கிடையாது. மண்ணால் செய்த பெரிய உருவம். மடியில் ஒரு பிள்ளைத்தாச்சி படுத்திருப்பாள். அம்மன் கையெல்லாம் ரத்தச் சிவப்பு. ஒரு கையில் பச்சைப் பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள்.

எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்றைக்குத்தான் புரிந்தது. அவள் பிள்ளை பெறுகிற வீட்டுக்குள் இருக்கிறவள். ரத்தத்துக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஏது தீட்டு? நாற்பது நாள் கழித்துக் குளித்து முழுகிப் போய்ப் பார்க்க வேண்டியவளா அவள்? நான் வாயில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்த அன்றைக்கும் அந்த அறைக்குள் இருந்திருப்பாள். என் மகளை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருப்பாள்.

எதுவும் தருகிறேன் என்று சொல்லவில்லை. “அம்மா, என்னால முடியல. ரெண்டு பேரையும் நீயே வச்சுக்க. பொழைக்க வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி, கையை விட்டு மட்டும் எறக்கிராத,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது ஒன்றுமில்லை. பதினைந்து நாளாக நெஞ்சில் ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது, அது விட்டுவிட்டது. கேண்டீனிலிருந்து ரசம் தாளிக்கிற வாசம் வந்தது. பசித்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டேன். பிள்ளை சாகக் கிடக்கும்போது தூங்குகிறாளே என்று யாராவது நினைத்திருப்பார்கள். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

இவர் வந்து எழுப்பினார். மணி மூன்றரை. மகனுக்கு எந்த மாற்றமும் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மாற்றமில்லை. இவர் ஊருக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்.

நேற்று வந்த நிம்மதி காலையில் இல்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து நேற்றுச் சொன்னதையே சொன்னேன். கொஞ்சம் வந்தது. பத்து நிமிஷம் இருந்தது.

சபுரா குழந்தைக்கு 90 மில்லி கொடுத்தேன்.

செப்டம்பர் 14, சனி

ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன. ரத்தம் ஏற்றினார்கள். இவருடைய குரூப்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

வயிறு கொஞ்சம் இளகியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேசன் இப்போதைக்கு வேண்டாமாம். நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்டேன். இன்றைக்கு வைக்கலாம், நாளைக்கு நாளைக்குப் பார்ப்போம் என்றார். நேர்மையான மனுஷர்.

செப்டம்பர் 20, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான், மூக்கில் காற்று மட்டும் வைத்திருக்கிறார்கள். அவன் அழுததைக் கேட்டேன். பூனைக்குட்டி சத்தம்.

இன்று முதல் தடவையாக சபுராவின் குழந்தை பெட்டிப் பக்கம் போய் நின்று பார்த்தேன். பெயர் ஹனா. கன்னம் வைத்திருக்கிறது. நன்றாக முழிக்கிறாள். என் பால்தான் அது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

1,090 கிராம். மறுபடியும் பால் ஆரம்பித்து எட்டு நாளாகிறது. வயிறு தாங்குகிறது.

கங்காரு முறையில் நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். ஜாக்கெட்டைத் திறந்து தோலோடு தோலாகக் கட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். எடையே தெரியவில்லை, சூடு மட்டும் இருந்தது. மூச்சு விட மறந்தான் ஒரு தடவை. நானே உள்ளங்காலைச் சுண்டினேன். கத்தவில்லை, கூப்பிடவில்லை.

இவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 3, வியாழன்

நாற்பதாம் நாள் முடிந்துவிட்டது, தலை முழுகிவிட்டு வாசல் பிள்ளையாரைக் கும்பிடு என்று மாமியார் போன் செய்தார்கள். முழுகினேன். கும்பிட்டேன். பிறகு வழக்கம்போலப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

சபுரா ஊருக்குப் போகிறாள். ஹனா 1,800. சபுராவுக்கே பால் வர ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகனும் ஹனாவும் உடன்பிறந்தவர்கள், அவள் கல்யாணத்துக்கு அண்ணன் என்று அவன் வந்து நிற்க வேண்டும் என்றார். விலாசம் எழுதிக் கொடுத்தேன். தபால் ஆபீஸ்காரி விலாசம், தவறாது என்றேன். சிரித்தார்கள்.

பக்கத்துக் கட்டில் காலி. அறை முழுக்கக் காலியான மாதிரி இருக்கிறது. இன்றைக்கு மனசு சரியில்லை. எதைச் சொல்லியும் நிம்மதி வரவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கண் டாக்டர் பார்த்தார். ஆக்சிஜனில் இருந்த பிள்ளைகளுக்குக் கண் நரம்பு பாதிக்குமாம். இடது கண்ணில் கொஞ்சம் இருக்கிறது, இரண்டு வாரம் கழித்துக் கொண்டு வாருங்கள், தேவைப்பட்டால் லேசர் வைக்கலாம் என்றார். பார்வை போய்விடுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

ஒன்று முடிந்தால் இன்னொன்று. படிக்கட்டுக்குக்கூடப் போகவில்லை. மகனை நெஞ்சில் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே சொன்னேன்.

அக்டோபர் 19, சனி

1,720 கிராம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள்.

இவர் சாயங்காலமே வந்துவிட்டார். மகனைத் தூங்க வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு வாரமாக நான் கேட்காததைக் கேட்டேன். அவளை எங்கே வைத்தீர்கள்?

கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். கடைசி அரைமணி நேரம் சிஸ்டர் அவளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்களாம். ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தாளாம். ஆஸ்பத்திரியின் இலவச அமரர் வண்டியில்தான் ஊருக்குக் கொண்டுபோனார். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நம் ஊர் ஓடைக்கரையில், பிள்ளைகளை அடக்கம் செய்கிற இடத்தில், உடைமர நிழலில் அவரே குழி தோண்டியிருக்கிறார். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

“ஒன்னை எழுப்ப முடியலயேன்னுதான் வல்லி. ஒனக்குக் காட்டாம வச்சிட்டேன்,” என்றார். இத்தனை நாள் இவர் மேல் நான் வைத்திருந்த கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை.

அவரே மறுபடியும் சொன்னார்: “மண்ணுக்குள்ள வைக்கிற மாதிரித் தோணல. யாரோ கீழ கையை ஏந்திக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. குடுத்தேன்.”

சாமி கும்பிடுகிற ஆள் இல்லை இவர். நான் பேச்சியைப் பற்றி இவரிடம் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

வண்டிக்காரர் நோட்டில் எழுதப் பெயர் கேட்டாராம். இன்னும் வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

“என்ன சொன்னீங்க?”

“செண்பகம்னு சொன்னேன். நெத்தி, மூக்கு எல்லாம் அப்படியே நீதான்.”

அக்டோபர் 20, ஞாயிறு

வீடு வந்துவிட்டோம். மகன் தூங்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழியில் காரை ஓடைக்கரைப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். தூசி ஆகாது, பிள்ளையைக் கீழே இறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகனை இவர் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் இறங்கிப் போனேன். உடைமரம் ஒன்றுதான் நிற்கிறது, தேட வேண்டியிருக்கவில்லை. மழை பெய்து மண் இறுகிப் புல் முளைத்துவிட்டது. எந்த இடம் என்று சரியாகத் தெரியவில்லை. நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். முதலில் வரவில்லை. மண்ணில் கையை வைத்துக்கொண்டு, “செண்பகம், அம்மா வந்திருக்கேன்,” என்றேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் வந்தது. நிறைய வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகன் கண்ணைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. இவளை வைத்திருக்கிறாய், தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். நெஞ்சு வலித்துக்கொண்டுதான் இருந்தது. வலிக்குள்ளேயே ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது.

காரிலிருந்து மகன் அழுகிற சத்தம் கேட்டது. பசி. எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.